துகளின் ஸ்பின், வெற்றிட ஆற்றல், வால்நட்சத்திரம்: மூன்றையும் ஒரே நூலில் கோக்க முடியுமா?

இயற்பியலில் ஒரு மாற்றுக் கருத்து பல வடிவங்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. வடிவங்கள் வேறானாலும் முதுகெலும்பு ஒன்றுதான். எலக்ட்ரான் போன்ற துகள்கள், வெற்றிடம் என்னும் ஊடகத்தில் தோன்றும் நுண்சுழல்கள். ஸ்பின் என்று இயற்பியலார் சொல்வது அந்தச் சுழலின் உண்மையான சுழற்சியே. வெற்றிட ஆற்றல் இடைவிடாமல் ஊட்டம் தருவதால்தான் அது ஓய்வதில்லை. துகளுக்குப் பொருந்துவது பெரும் பொருளுக்கும் பொருந்தும் என்பது அடுத்த படி. வால்நட்சத்திரத்தின் நடுவிலுள்ள திடமான கரு சுழலும்போது அதுவும் வெற்றிடத்திலிருந்து ஆற்றலை இழுக்கிறதாம். சூரியனுக்கு வெகு தொலைவிலும் அது வாயுவைப் பீறிடுவதற்கும், ஈர்ப்பு விதி காட்டும் பாதையிலிருந்து சற்று விலகுவதற்கும் இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதைக் கேட்டவுடன் ஒதுக்கித் தள்ளுவது எளிது. நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. மூன்று இடங்களிலும் உண்மையான புதிர்கள் இருக்கின்றன. ஸ்பினைக் கண்ணால் காண்பதுபோல் கற்பனை செய்ய எவராலும் முடிந்ததில்லை. வெற்றிடத்தின் ஆற்றலைக் கணக்கிடப்போனால் இயற்பியலின் மிகப் பெரிய முரண்பாட்டில் போய் முட்டுகிறோம். வால்நட்சத்திரங்களோ அவற்றை நெருங்கிச் சென்ற ஒவ்வொரு விண்கலத்துக்கும் வியப்பைத் தந்திருக்கின்றன. இம்மூன்றையும் ஒரே காரணத்தில் அடக்கப் பார்ப்பது நேர்மையான அறிவுப் பசிதான். ஆனால் அளவீடுகள் இந்த மூன்று இடங்களுக்கும் கடுமையான வரம்புகளை ஏற்கெனவே விதித்திருக்கின்றன. கோட்பாடு அந்த வரம்புகளுக்குள் நிற்கிறதா என்பதை எண்களை வைத்தே பார்த்துவிடலாம்.

சுழலாகத் துகள்

துகள் ஒரு சுழல் என்ற எண்ணம் புதியதன்று. உராய்வற்ற பாய்மத்தில் சுழல்கள் அழிவதில்லை என்று 1858இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கணிதத்தால் நிறுவினார். 1867இல் பீட்டர் டெய்ட் புகை வளையங்களை உருவாக்கிக் காட்டினார். அவை மோதிக்கொண்டபோது சிதறவில்லை, அதிர்ந்து விலகின. அதைப் பார்த்த வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்டவர், விண்வெளியை நிரப்பியிருப்பதாக அன்று நம்பப்பட்ட ஈதர் என்னும் ஊடகத்தில் சுழலும் வளையங்களே அணுக்கள் என்று முன்மொழிந்தார். வெவ்வேறு தனிமங்கள் வெவ்வேறு முடிச்சுகள் என்ற அவருடைய கற்பனையைப் பின்தொடர்ந்து டெய்ட் முடிச்சுகளை வகைப்படுத்தி அட்டவணையிட்டார். அதிலிருந்து முடிச்சுக் கோட்பாடு என்னும் கணிதக் கிளை வளர்ந்தது. அணுக்களின் நிறையையோ அவை உமிழும் ஒளியின் நிறமாலையையோ அந்தக் கோட்பாட்டால் கணக்கிட்டுத் தர முடியவில்லை. கெல்வினே பின்னர் அதைக் கைவிட்டார். அழகான ஒரு கருத்து எண்களைத் தர இயலாமல் எப்படி நின்றுபோகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஸ்பினுக்கு வருவோம். 1922இல் பிராங்க்பர்ட்டில் ஓட்டோ ஸ்டெர்னும் வால்டர் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே செலுத்தினார்கள். பழைய இயற்பியலின்படி கற்றை தொடர்ச்சியான ஒரு பட்டையாகப் பரவியிருக்க வேண்டும். அது இரண்டாகப் பிரிந்தது. இடைநிலை என்று எதுவுமில்லை. 1925இல் லைடனைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள், ஜார்ஜ் உலென்பெக்கும் சாமுவேல் கௌட்ஸ்மிட்டும், எலக்ட்ரான் தன்னைத்தானே சுற்றுகிறது என்று எழுதினார்கள். ஆகவே, இன்றைய மாற்றுக் கோட்பாடு சொல்லும் "உண்மையான சுழற்சி" என்பதில்தான் வழக்கமான இயற்பியலும் தொடங்கியது. அங்கிருந்து அது ஏன் நகர வேண்டியதாயிற்று என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி.

காரணம் ஓர் எளிய கணக்கு. எலக்ட்ரானின் கோண உந்தம், அதாவது சுழற்சியின் அளவு, குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான சுருக்கப்பட்ட பிளாங்க் மாறிலியில் சரிபாதி. எலக்ட்ரானை அதன் மரபான ஆரம் கொண்ட ஒரு திண்மக் கோளமாகக் கொண்டால், இத்தனை கோண உந்தம் கிடைக்க அதன் நடுக்கோடு ஒளியைப்போல் சுமார் 170 மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். இந்தச் சிக்கலை முதிய இயற்பியலாளர் லோரன்ட்ஸ் சுட்டிக்காட்டியதும் இளைஞர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற நினைத்தார்கள். அவர்களுடைய ஆசிரியர் எரென்ஃபெஸ்ட் அதை அதற்குள் அனுப்பிவிட்டிருந்தார். பின்னாளில் மோதல் சோதனைகள் எலக்ட்ரானின் அளவு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு என்று காட்டின. அந்த அளவை வைத்துக் கணக்கிட்டால் வேகம் ஒளியைப்போல் கிட்டத்தட்ட 5 லட்சம் மடங்காகிறது. சிறு பந்து சுற்றுகிறது என்ற படத்தை இதற்கு மேல் காப்பாற்ற வழியில்லை.

இங்கே மாற்றுக் கோட்பாட்டின் தரப்பில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்பினில் பொய் எதுவும் இல்லை. அது கணிதக் குறியீடு மட்டுமே என்று சில பாடநூல்கள் சொல்வது அரைகுறையான கூற்று. 1915இல் ஐன்ஸ்டைனும் டி ஹாஸும் தொங்கவிட்ட இரும்புத் தண்டைக் காந்தமாக்கியபோது தண்டே திரும்பியது. எலக்ட்ரான்களின் ஸ்பின் திசை மாறும்போது அந்தக் கோண உந்தம் தண்டின் சுழற்சியாக வெளிப்படுகிறது. ஆகவே கோண உந்தம் என்ற அளவில் அது முழுக்க உண்மையானது. எலக்ட்ரானை விவரிக்கும் டிராக்கின் 1928ஆம் ஆண்டுச் சமன்பாட்டில் ஸ்பினை எலக்ட்ரான் அலைப்புலத்துக்குள் சுற்றிவரும் ஆற்றல் ஓட்டமாகவே எழுதிக் காட்ட முடியும். பெலின்ஃபான்ட் 1939இல் இதற்கு அடித்தளமிட்டார். ஓஹானியன் 1986இல் அதைத் தெளிவாக விளக்கினார். அந்த ஓட்டம் ஒரு புள்ளியில் இல்லாமல் அலை பரவியிருக்கும் இடமெங்கும் பரவியிருக்கிறது. அதனால் ஒளி வேகத்தை மீற வேண்டிய தேவையும் எழுவதில்லை. சுழலைத் தேடுபவர்கள் தேட வேண்டிய இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஆனால் அப்படித் தேடுபவர்கள் இரண்டு சோதனைகளைக் கடக்க வேண்டும். முதலாவது, முழுச்சுற்று. எந்தப் பொருளையும் 360 பாகை திருப்பினால் அது பழைய நிலைக்கு வந்துவிடும். எலக்ட்ரான், நியூட்ரான் போன்ற அரை ஸ்பின் கொண்ட துகள் அப்படி வருவதில்லை. அதன் அலையின் குறி மாறிவிடுகிறது. 720 பாகை திருப்பினால்தான் பழைய நிலை. 1975இல் ஹெல்முட் ரவுச்சின் குழுவும் சாமுவேல் வெர்னரின் குழுவும் நியூட்ரான் கற்றையைப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் காந்தப்புலத்தால் திருப்பி, மீண்டும் சேர்த்து இதை நேரடியாக அளந்தார்கள். ஒரு சாதாரண நீர்ச்சுழலால் இதைச் செய்ய முடியாது.

இரண்டாவது சோதனை இன்னும் கடினமானது. எலக்ட்ரானின் காந்த வலிமையைக் குறிக்கும் ஜி காரணி, டிராக்கின் சமன்பாட்டின்படி சரியாக 2. அது 2ஐவிடச் சற்று அதிகம் என்று 1947இல் குஷ், ஃபோலி இருவரும் அளந்தார்கள். அந்தச் சிறு மிகுதியை 1948இல் ஷ்விங்கர் ஒரே வரியில் கணக்கிட்டுத் தந்தார். 2023இல் வெளியான அளவீட்டின்படி ஜி காரணியின் பாதி 1.00115965218059. ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கைவிடவும் நுட்பமான இந்த அளவீட்டோடு ஒளிக்கும் மின்னூட்டத் துகள்களுக்கும் உள்ள உறவை விவரிக்கும் குவாண்டம் மின்னியக்கவியலின் கணக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு வரை ஒத்துப்போகிறது. மாற்றுக் கோட்பாடு இந்த எண்ணில் முதல் நான்கு இலக்கங்களையாவது தன் சுழலிலிருந்து வருவித்துக் காட்ட வேண்டும். ஷ்விங்கரின் அந்த முதல் படியே வெற்றிடத்தின் ஏற்ற இறக்கங்களிலிருந்து வந்தது என்பதை அக்கோட்பாட்டின் ஆதரவாளர்கள் மறக்கக் கூடாது. ஸ்பினும் வெற்றிடமும் இங்கே ஏற்கெனவே கைகோத்துவிட்டன.

சுழலுக்கு ஊட்டம் வேண்டும் என்ற கருத்தைப் பற்றி நீட்டிப் பேச எதுவும் இல்லை. உராய்வு இல்லாத இடத்தில் சுழற்சி நிற்பதற்குக் காரணம் இல்லை. நிற்காத ஒன்றுக்கு எரிபொருள் தேவையில்லை.

வெற்றிடத்தில் எவ்வளவு இருக்கிறது?

வெற்றிடம் முழுமையாக அமைதியாக இல்லை என்பதில் ஐயமில்லை. எந்த அதிர்வும் அதன் மிகக் குறைந்த நிலையிலும் சிறிதளவு ஆற்றலை வைத்திருக்கிறது. திரவ ஹீலியம் சாதாரண வளி அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் உறையாமல் இருப்பது இதனால்தான். அதைத் திண்மமாக்க ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம் தேவை. 1947இல் லாம்பும் ரெதர்ஃபோர்டும் ஹைட்ரஜனின் இரண்டு ஆற்றல் மட்டங்களுக்கு இடையே, இருக்கக் கூடாது என்று கருதப்பட்ட, வெற்றிட அதிர்வுகளால் உண்டாகும் ஒரு சிறிய இடைவெளியைக் கண்டார்கள். 1948இல் ஹென்ட்ரிக் காசிமிர், மின்னூட்டமற்ற இரண்டு உலோகத் தகடுகள் வெற்றிடத்தில் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று கணித்தார். 1997இல் ஸ்டீவ் லாமரோ அந்த விசையைத் துல்லியமாக அளந்தார். தகடுகளுக்கு இடையே 100 நானோமீட்டர் இருந்தால் ஈர்ப்பு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 13 நியூட்டன். 10 நானோமீட்டராகக் குறைந்தால் கணக்குப்படி அது வளிமண்டல அழுத்தத்தையே எட்டுகிறது.

இந்த இடத்தில்தான் மாற்றுக் கோட்பாடுகளுக்கு வெற்றிடம் ஒரு சுரங்கமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. காசிமிர் தகடுகள் நெருங்கும்போது ஆற்றல் கிடைக்கும், உண்மை. அவற்றைப் பழையபடி விலக்க அதே ஆற்றலைத் திருப்பித் தர வேண்டும். சுழற்சியாக இயங்கும் எந்த எந்திரத்துக்கும் இதில் லாபம் இல்லை. வெற்றிடம் என்பது வரையறைப்படியே மிகக் குறைந்த ஆற்றல் நிலை. கடல் மட்டத்தில் தேங்கி நிற்கும் நீரைக் கொண்டு அணை மின்சாரம் எடுக்க முடியாது. அது விழுவதற்குக் கீழே ஓர் இடம் வேண்டும். வெற்றிடத்திலிருந்து ஆற்றல் எடுக்கலாம் என்று சொல்பவர்கள், எடுத்த பிறகு அது எந்த நிலைக்கு இறங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

அளவு எவ்வளவு என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. வெற்றிட அதிர்வுகளை எல்லாம் இயற்பியலில் பொருள் தரும் மிகச் சிறிய நீளமான பிளாங்க் அளவுவரை கூட்டினால் ஒரு கனமீட்டரில் ஒன்றுக்குப் பின் 113 சுழிகள் போட்ட ஜூல் ஆற்றல் வருகிறது. 1998இல் தொலைதூர சூப்பர்நோவாக்களை அளந்து, அண்டத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்று கண்டறிந்தார்கள். பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த விரிவை வெற்றிட ஆற்றலாகக் கொண்டால் கனமீட்டருக்கு அரை நானோஜூலுக்குச் சற்றே மேல் வருகிறது. இரண்டு எண்களுக்கும் இடையே 120 சுழிகளுக்கு மேல் வித்தியாசம். இயற்பியலின் வெட்கக்கேடு என்றே இதைச் சொல்லலாம். மாற்றுச் சிந்தனைக்கு உண்மையில் கதவு திறந்திருக்கும் இடம் இதுவே.

அந்தக் கதவின் வழியே பார்த்தால் ஸ்பினுக்கும் வெற்றிட ஆற்றலுக்கும் உள்ள உண்மையான உறவு தெரிகிறது. மாற்றுக் கோட்பாடுகள் இதை ஏன் கையில் எடுப்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. ஃபோட்டான் போன்ற முழு எண் ஸ்பின் கொண்ட துகள்கள் வெற்றிடத்துக்குக் கூட்டல் குறியோடு ஆற்றல் தருகின்றன. எலக்ட்ரான் போன்ற அரை ஸ்பின் துகள்கள் கழித்தல் குறியோடு தருகின்றன. ஆக, வெற்றிடத்தின் ஆற்றல் கூடுவதா குறைவதா என்பதைத் துகள்களின் ஸ்பின்தான் தீர்மானிக்கிறது! இரண்டு வகையும் சமமாக இருந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு சுழியமாகிவிடும். ஒவ்வொரு துகளுக்கும் எதிர்வகை ஸ்பினில் ஒரு துணைத் துகள் இருக்கும் என்ற உயர்சமச்சீர்மைக் கோட்பாடு இந்த நம்பிக்கையைத் தந்தது. ஜெனீவா அருகே உள்ள பெரும் ஹாட்ரான் மோதுவி 2010 முதல் தேடியும் ஒரு துணைத் துகளும் கிடைக்கவில்லை. அவை கிடைத்திருந்தாலும் இன்று நாம் அறிந்த வரம்புகளின்படி 60 சுழிகள் அளவுக்கு முரண்பாடு மீந்திருக்கும்.

வெற்றிடத்தை ஒருவகை மீபாய்மமாக, அதாவது உராய்வே இல்லாமல் ஓடும் திரவமாகப் பார்க்கும் சிந்தனையும் மதிப்புக்குரிய இயற்பியலாகவே நடந்துவருகிறது. திரவ ஹீலியத்தை ஆராய்ந்த கிரிகோரி வோலோவிக், சமநிலையில் உள்ள ஒரு திரவத்தில் இப்படிப்பட்ட பிரம்மாண்டமான ஆற்றல்கள் வெப்ப இயக்கவியல் விதிகளாலேயே தானாகச் சுழியமாகின்றன என்று காட்டியிருக்கிறார். நுண்துகள் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் பெரிய எண் வரும். திரவமோ தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். மீபாய்ம ஹீலியத்தில் சுழல்கள் குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே உருவாகும் என்பதும் 1961இல் வினென் அளந்து உறுதிசெய்த உண்மை. கெல்வினின் கனவுக்கு இதைவிட நெருக்கமான வாரிசு கிடையாது. கவனியுங்கள், இந்த வழியும் வெற்றிடத்தைச் சுரங்கமாக்கவில்லை. வெற்றிடத்தின் ஆற்றல் ஏன் இவ்வளவு குறைவு என்பதையே அது விளக்க முயல்கிறது.

என்கேயின் வால்நட்சத்திரம்

மூன்றாவது கண்ணி வால்நட்சத்திரம். துகளையும் வெற்றிடத்தையும் சாய்த்து வளைத்துப் பேச இடமிருக்கலாம். வால்நட்சத்திரத்தில் அது நடக்காது. அருகே போய், தொட்டு, மோதி, தூசியை வீட்டுக்கு எடுத்துவந்து சோதித்துவிட்டோம். வெற்றிட ஊடகம் வால்நட்சத்திரத்தை இயக்குகிறது என்ற கருத்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே முன்வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டதும் உண்டு. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

யோகான் பிரான்ஸ் என்கே 1819இல், வெவ்வேறு ஆண்டுகளில் தோன்றிய சில வால்நட்சத்திரங்கள் உண்மையில் ஒன்றே என்று கணக்கிட்டார். அது சூரியனை 3.3 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. 1822இல் அவர் சொன்னபடியே திரும்பிவந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அது கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் முன்கூட்டியே வந்தது. கோள்களின் ஈர்ப்பையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டும் அந்த இரண்டரை மணி நேரம் மறையவில்லை. விண்வெளியை நிரப்பியிருக்கும் மெல்லிய ஈதர் வால்நட்சத்திரத்தைத் தடுக்கிறது என்றார் என்கே. தடுத்தால் எப்படி வேகமாக வரும் என்று தோன்றலாம். தடையால் ஆற்றலை இழக்கும் பொருள் சூரியனை நோக்கி நெருங்கி, சிறிய பாதையில் சுற்றத் தொடங்குகிறது. சுற்றுக் காலம் குறைகிறது. கணக்கு அழகாகப் பொருந்தியது.

பிறகு மற்ற வால்நட்சத்திரங்களையும் கணக்கிட்டார்கள். ஹேலி ஒவ்வொரு சுற்றிலும் சுமார் நான்கு நாள் தாமதமாக வருகிறது. ஒரு தடை ஊடகம் ஒன்றை முந்தவும் மற்றொன்றைப் பிந்தவும் வைக்க முடியாது. என்கேயின் வால்நட்சத்திரத்திலேயே அந்த இரண்டரை மணி நேரம் காலப்போக்கில் குறைந்துகொண்டே வந்தது. விண்வெளியில் நிரம்பிய ஊடகம் ஒரே வால்நட்சத்திரத்துக்காக மெலிந்துபோகாது. ஈதர் விளக்கம் விழுந்தது இப்படித்தான். எவரும் அதைத் தடைசெய்யவில்லை. இரண்டாவது வால்நட்சத்திரமே அதை வீழ்த்தியது.

சரியான விடையின் நுனி 1836இலேயே பெஸ்ஸலின் கையில் இருந்தது. முந்தைய ஆண்டு ஹேலியின் தலையிலிருந்து பீறிட்ட தாரைகளைப் பார்த்த அவர், அந்தத் தாரைகளின் எதிர்விசை பாதையை மாற்றும் என்றார். 1950இல் ஃபிரெட் விப்பிள் அதை முழு வடிவமாக்கினார். கரு என்பது தூசி கலந்த பனிக்கட்டி, அது சுழல்கிறது. பகலில் சூடேறிப் பிற்பகல் பக்கத்தில் வாயு அதிகமாகப் பீறிடுகிறது. சுற்றும் திசையிலேயே சுழன்றால் அந்தப் பிற்பகல் பக்கம் பாதையின் பின்புறமாக அமைகிறது. தாரை முன்னோக்கித் தள்ளுகிறது. பாதை பெரிதாகி வால்நட்சத்திரம் தாமதிக்கிறது. எதிர்த்திசையில் சுழன்றால் முந்துகிறது. சுழற்சி அச்சு மெல்லத் திரும்பினாலோ பனி தீர்ந்துவந்தாலோ விசையும் மாறும். ஹேலியும் என்கேயும் ஒரே விளக்கத்துக்குள் அடங்கின. வால்நட்சத்திரத்தின் சுழற்சிக்கும் அதன் பாதை விலகலுக்கும் தொடர்பு உண்டு என்று மாற்றுக் கோட்பாடு சொல்வது, ஆக, சரியே. அந்தத் தொடர்பை இணைக்கும் கண்ணி சூரிய வெப்பமும் பனியும்.

இனி ஆற்றல் கணக்கு. 2014 முதல் 2016 வரை ரோசெட்டா விண்கலம் 67பி சுர்யுமோவ்-ஜெராசிமென்கோ என்னும் வால்நட்சத்திரத்தைச் சுற்றியது. அதன் கன அளவு சுமார் 18.7 கன கி.மீ. அண்டவியல் அளந்து தரும் வெற்றிட ஆற்றல் அடர்த்தியை இதோடு பெருக்கினால் மொத்தமும் ஏறத்தாழ 10 ஜூல். ஒரு கிலோ பனிக்கட்டியை விண்வெளியில் ஆவியாக்க ஏறத்தாழ 28 லட்சம் ஜூல் வேண்டும். அந்த வால்நட்சத்திரத்துக்குள் அடங்கிய வெற்றிட ஆற்றல் முழுவதையும் எப்படியோ உருவிவிட்டாலும் ஆவியாவது மூன்றரை மில்லிகிராம் பனி. 2015 ஆகஸ்டில் சூரியனுக்கு மிக நெருங்கியபோது 67பி வினாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோ நீராவியை வெளியேற்றியது. பூமியின் முழுக் கன அளவிலும் உள்ள வெற்றிட ஆற்றல்கூட 1,000 மெகாவாட் மின்நிலையம் ஒன்று பத்து நிமிடங்களில் தயாரிக்கும் அளவுதான்.

சூரியன் பக்கம் பாருங்கள். அந்த ஆகஸ்டில் 67பி சூரியனிலிருந்து 1.24 வானியல் அலகு தொலைவில் இருந்தது (ஒரு வானியல் அலகு என்பது சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள சராசரித் தொலைவு). அங்கே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் கிட்டத்தட்ட 885 வாட் வெயில் விழுகிறது. வெயில் படும் குறுக்குப் பரப்பைத் தோராயமாக 10 சதுர கி.மீ. என்று கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 900 கோடி வாட். வினாடிக்கு 300 கிலோ பனியை ஆவியாக்க இதில் பத்தில் ஒரு பங்கு போதும். புதிய ஆற்றல் மூலத்தைத் தேடுவதற்குக் கணக்கில் ஓட்டையே இல்லை.

கரு சுழற்சியிலிருந்தே ஆற்றலைப் பெறுகிறது என்று கோட்பாட்டைச் சற்று மாற்றிச் சொன்னால்? அதற்கும் இயற்கை ஒரு சோதனையை நடத்தித் தந்திருக்கிறது. 41பி டட்டில்-ஜியாகோபினி-கிரெசாக் என்ற சிறிய வால்நட்சத்திரம் 2017 மார்ச்சில் 20 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழன்றது. மே மாதத்துக்குள் அது 46 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. இவ்வளவு வேகமாக எந்த வால்நட்சத்திரமும் தளர்ந்ததாக அதற்கு முன் அறியப்பட்டதில்லை. 700 மீட்டர் ஆரமும் நீரின் பாதி அடர்த்தியும் வைத்துக் கணக்கிட்டால் அதன் சுழற்சி ஆற்றல் முழுவதும் 200 கிலோ பனியை ஆவியாக்கவே போதுமானது. வினாடிக்குப் பல பத்துக் கிலோ வாயுவை இழக்கும் ஒரு பொருளுக்கு இது சில வினாடிச் செலவு. காரணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் இதில் தெளிவு: தாரைகள் சுழற்சியை மாற்றுகின்றன, சுழற்சி தாரைகளை உண்டாக்கவில்லை. 67பியிலும் 2009இல் சூரியனைக் கடந்த பிறகு சுழற்சிக் காலம் 12.76 மணியிலிருந்து 12.40 மணியாகக் குறைந்திருந்தது.

சிறுகோள்கள் இதே செய்தியை வேறு விதமாகச் சொல்கின்றன. ஈராஸ் 5.27 மணிக்கு ஒருமுறை சுழல்கிறது; 2001இல் நியர் விண்கலம் அதன்மேல் இறங்கியது. பெரும்பாலான வால்நட்சத்திரங்களைவிட வேகமாகச் சுழலும் அந்தப் பாறைக்கு வாயுத் தலையும் இல்லை, வாலும் இல்லை. வெற்றிடம் அங்கேயும் இருக்கிறது, சுழற்சியும் இருக்கிறது. மேற்பரப்பில் பனி மட்டும் இல்லை.

மாற்றுக் கோட்பாட்டின் கையில் மீதமுள்ள வலுவான சீட்டு, தொலைதூரப் பீறிடல். 17பி ஹோம்ஸ் 2007 அக்டோபரில் இரண்டு நாளுக்குள் சுமார் ஐந்து லட்சம் மடங்கு ஒளிர்ந்தது; அப்போது அது சூரியனை விட்டு விலகிச் சென்றுகொண்டிருந்தது. சி/2017 கே2 என்ற வால்நட்சத்திரம் ஏறத்தாழ 24 வானியல் அலகு தொலைவிலேயே தூசி மண்டலத்துடன் காணப்பட்டது. அங்கே வெயில் சதுர மீட்டருக்கு இரண்டரை வாட் மட்டுமே, நீர்ப்பனி அசையாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு பனி ஏறத்தாழ 25 கெல்வின் குளிரிலேயே ஆவியாகத் தொடங்கும். அதற்குத் தேவையான ஆற்றலும் நீர்ப்பனிக்குத் தேவைப்படுவதில் பத்தில் ஒரு பங்கு. கருவுக்குள் ஒழுங்கற்ற நிலையில் உறைந்திருக்கும் நீர்ப்பனி படிகமாக மாறும்போதும் வெப்பமும் அடைபட்ட வாயுக்களும் வெளிப்படுகின்றன. சேமிக்கப்பட்ட ஆற்றல் என்று ஒன்று அங்கே உண்மையிலேயே இருக்கிறது. அது வேதிப்பொருளின் கட்டமைப்பில் இருக்கிறது.

1996இல் ரோசாட் செயற்கைக்கோள் ஹியாகுடாகே வால்நட்சத்திரத்திலிருந்து எக்ஸ் கதிர்களைக் கண்டபோது எல்லாரும் திகைத்தார்கள். பனிக்கட்டி எக்ஸ் கதிர் வீசுமா? சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்களான சூரியக் காற்றில் வரும் மின்னேற்றம் மிகுந்த அயனிகள் வால்நட்சத்திரத்தின் வாயுவிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கும்போது அக்கதிர் பிறக்கிறது என்று மறு ஆண்டே கிரேவன்ஸ் விளக்கினார். அந்தச் சூரியக் காற்று இருப்பதையே 1951இல் லுட்விக் பியர்மன் வால்நட்சத்திரங்களின் வாலைப் பார்த்துத்தான் ஊகித்தார். விண்வெளி வெறுமையாக இல்லை என்ற உள்ளுணர்வு சரியானது; அங்கே நிரம்பியிருந்தது எண்ணி அளக்கக்கூடிய புரோட்டான்களும் எலக்ட்ரான்களும்.

தோற்கத் தயாரான கணிப்பு

இந்தக் கருத்தைத் தொடர விரும்புபவர்கள், வால்நட்சத்திரத்தைத் தற்போதைக்கு விட்டுவிட்டு, ஸ்பின் குறியால் வெற்றிட ஆற்றல் கூடியும் குறைந்தும் போகும் அந்த இடத்தில் உழைக்கலாம் என்பது என் கருத்து. இன்னும் கண்டறியப்படாத துகள்களோ வேறு புலங்களோ அந்தக் கூட்டல் கழித்தலை எப்படிச் சமன்செய்கின்றன என்று ஒருவர் கணக்கிட்டுக் காட்டினால் உலகம் காதுகொடுக்கும். டெசி எனப்படும் விண்மீன்திரள் அளவாய்வு 2024, 2025ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட முடிவுகள், அண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல் காலத்தோடு மாறிவந்திருக்கலாம் என்று குறிப்புக் காட்டுகின்றன. அது உறுதியானால் மாறாத வெற்றிட ஆற்றல் என்ற எளிய படமே ஆட்டம் காணும்.

வால்நட்சத்திரத்தையும் விட மனமில்லை என்றால், முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டிய கணிப்பு ஒன்று இருக்கிறது. சூரியத் தொலைவும் பனியின் வகையும் ஒன்றாக இருக்கும் கருக்களில், வேகமாகச் சுழல்பவை அதிக வாயுவை வெளியிட வேண்டும். எவ்வளவு அதிகம் என்பதற்கு ஒரு சூத்திரமும் வேண்டும். வழக்கமான கோட்பாட்டில் அப்படியொரு விதி இல்லை. பல வால்நட்சத்திரங்களுக்குச் சுழற்சிக் காலமும் வாயு வெளியீட்டு அளவும் ஏற்கெனவே அளந்து வெளியிடப்பட்டிருக்கின்றன. சிலியில் உள்ள வேரா ரூபின் ஆய்வகம் 2025இல் முதல் படங்களை வெளியிட்டுவிட்டது. தொலைதூர வால்நட்சத்திரங்களை அது பெருமளவில் கண்டுபிடிக்கும். சூரியனை முதன்முறையாக நெருங்கும் ஒரு வால்நட்சத்திரத்தை வழிமறிக்கக் காத்திருப்பதற்காக, ஐரோப்பிய விண்வெளி முகமை காமெட் இன்டர்செப்டர் கலத்தை 2029இல் ஏவத் திட்டமிட்டிருக்கிறது. அந்தச் சூத்திரத்தை அதற்கு முன் எழுதி வெளியிடுபவரின் கோட்பாட்டை, கலம் அனுப்பும் எண்களோடு நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.